நில்லுங்க: பன்மையா, மரியாதையா

7-10-2002, திங்கள்
மூடுபனி. காலை எட்டு இருபதுக்கு, இரண்டு டம்ளர் காபி அளவு ஆலோசனைக்குப் பின், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் தீர்ப்புகளை இனிப் பென்சிலில் எழுதுவதில்லை, பேனாவில்தான் என்று முடிவெடுத்தேன். எங்கள் மலையூர் சோளக்காட்டில் இன்னும் யாருக்கும் அறிவிக்கவில்லை.

தலைமையாசிரியர் கேட்டார், சூதாட்டமா என்று. இல்லை சார், நான் கதை சொல்வேன், மூன்று பேர் ஆளுக்கொரு வீரனாகப் பேசுவார்கள், சந்தேகம் வந்தால் பகடை. "ஜெயிச்சா என்ன கிடைக்கும்?" ஒன்றுமில்லை. "அப்பறம் எதுக்கு வர்றாங்க?" மணி அடித்தது; தமிழ் வகுப்புக்குப் போனேன்.

8-10, செவ்வாய்
பாங்க் கருணாகரனின் (க.) அண்ணன் பெங்களூரிலிருந்து ஆட்டத்தின் நாலாம் விதிப்புத்தகம் அனுப்பிவிட்டார். ஜெராக்ஸ். இதுவரை க.வின் மந்திரவாதி:
முதல் புத்தகம் – விளக்கேற்றுவான்.
இரண்டு – வீட்டைக் கொளுத்துவான்.
மூன்று – ஊரை.
பெரியசாமியின் (பெ.) கேடயக்காரன்: மூன்றிலும் வாசலில் நின்று எதிரியை மறிப்பான்.

முன்பு ஒரு கோட்டைக்குள் நுழைய இரண்டு மணி நேரம். பெ. ஒருமுறை காவல்காரனிடம் மரவள்ளி விலை பேசியே உள்ளே போனார். இப்போது 'என்னங்க செய்யலாம்' போய் 'எத்தனாம் பக்கமுங்க' வந்துவிட்டது.

சோப்பு தீர்ந்தது.

9-10, புதன்
மழை. மாலை க. வந்தார், கூடவே நர்ஸ் மல்லிகா (ம.; ஆட்டத்தில் திருடி). நாலாம் புத்தகத்தில் புது மந்திரம்: ஒரே சொல்லில் கட்டளை. யாரிடம் சொல்லப்பட்டதோ அவர் அடங்க வேண்டும்.

"நான் 'நில்லுங்க'ன்னு சொல்லுவனுங்க சார். பன்மை. முப்பது பேரு வந்தாலும் முப்பதும் நிக்கோணும்."
"கொள்ளைக்காரனுக்கு என்னத்துக்குங்க மரியாதை?" என்றார் ம.
"வாய்ல வேற வராதுங்க சிஸ்டர். எங்கூட்டு மாட்டையே போங்கன்னுதான் சொல்றது."
"மாடு ஒண்ணுங்களா, ரெண்டுங்களா?"
"ஒண்ணு."
ம. சிரித்தார். க. சிரிக்கவில்லை. பன்மையா, மரியாதையா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் தீர்ப்பு வேண்டுமாம்.

10-10, வியாழன்
பெ. அரியூர் நாட்டில் உள்ள தன் காட்டிலிருந்து மிளகு மூட்டையோடு வந்திருந்தார். மூட்டையை இறக்காமலே கேட்டார்: "ஏனுங்க, ஒரு சொல்லுல எல்லாரும் நின்னுட்டா, வாசல்ல நிக்க ஆளு வேணுங்களா வேண்டாமுங்களா? சொல்லிப்போடுங்க. காட்டுல சோலி கெடக்குது."
வேணும் என்றேன். உடனே சொன்னேன். பகடை உருட்டாமல்.

11-10, வெள்ளி
காலாண்டுத் தாள்கள் நாற்பது திருத்தினேன். மரியாதைப் பன்மைக் கேள்விக்கு முப்பத்திரண்டு பேர் சரி.

க. பாங்க் வாசலில்: "உங்களுக்குச் சிரமம்னா ஆட்டத்தை நம்மூட்டுல வெச்சுக்கலாமுங்க சார். புக்கும் பகடையும் நம்முளுதுதானுங்களே." மிரட்டல், -ங்க போட்டு.

வீட்டுக்கு வந்து எழுதினேன்: 'நில்லுங்க' பன்மையே. காதில் விழுந்த எல்லோரையும் கட்டும். பேனா.

12-10, சனி
நாளைக்கு வாசல் சண்டை. ஆறு தாள் எழுதி வைத்திருக்கிறேன், நாலு மணி நேரத்துக்கு வரும்.

13-10, ஞாயிறு
மழை. பத்து மணிக்கு ஆரம்பம். முப்பது கொள்ளைக்காரர்கள். பெ. நாற்காலியை முன்னால் இழுத்தார்: "வாசல்ல நிக்கறனுங்க."
க.: "நில்லுங்க!"
முப்பது பேரும் நின்றார்கள். பின்கட்டில் காதுக்கெட்டாமல் இருந்த திருடிக்காக ம. கயிறு எடுத்தார்.
பெ. கை பகடை மேலேயே இருந்தது. "எங்காதுலயும் விழுந்துச்சுங்களே. நானும் நின்னுட்டனா?"
தீர்ப்பைப் படித்துக் காட்டினேன்.
"எப்ப விடும்னு போட்டிருக்குதுங்களா?"
க. புரட்டினார். ஜெராக்ஸில் அந்த வரி வெட்டுப்பட்டிருக்கிறது.
"சரிங்க," என்றார் பெ. ம. கட்டி முடிக்கும்வரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். டீ வேண்டாம் என்றார்.

20-10, ஞாயிறு
வெயில். வந்தவர்கள்: க., ம. பத்து மணிக்கு ஆரம்பித்துப் பத்தேகாலுக்கு முடிந்தது.