நீ கழற்றச் சொன்ன உருகி

அன்பு மகனுக்கு,

உன் நலமும் மருமகளின் நலமும், பள்ளிப்பையை முதன்முதலாகத் தோளில் மாட்டியிருக்கும் என் பேத்தியின் நலமும் நாளும் வளர்க. இங்கே என் உடல் நலம். அப்பாவின் உடலும் நலமே. உடல் என்று பிரித்து எழுதுகிறேனே, அதன் காரணத்தைச் சொல்லத்தான் இந்த மடல். வாரந்தோறும் தொலைபேசியில் நீ கேட்கிறாய், நானும் எல்லாம் நன்று என்று முடித்துவிடுகிறேன். என் தோளை ஒட்டி நின்றுகொண்டு, யாரு, நம்ம பையனா, மாப்பிள்ளை எப்படி இருக்காருன்னு கேட்டானா என்று அப்பா நச்சரிக்கும்போது வேறு எதைத்தான் சொல்ல முடியும்? மாப்பிள்ளை என்றால் நம் பழைய வண்டி என்பதை மருமகளுக்குச் சொல்லியிருப்பாய். சொல்லாவிட்டால் இன்றே சொல், இல்லையேல் உனக்கு ஓர் அக்காள் இருப்பதாக அவள் எண்ணிக்கொள்வாள். ஊரார் எஸ்யூவி என்கிறார்களே, அந்த ஏழு இருக்கை மகிழுந்து, நம் வாசலுக்கு வருமுன்பே வேறிரண்டு வீடுகளுக்கு உழைத்து, உலகைப் பலமுறை சுற்றிவரும் தொலைவை ஓடிக் களைத்திருந்தது. மலிவு என்று வாங்கினோம். வாங்கிய பிறகு அது கேட்ட மரியாதைக்கு எல்லையே இல்லை. ஒரு மாதம் கிளட்ச், மறுமாதம் ரேடியேட்டர், மழை பெய்தால் பின்கதவு திறக்காது, வெயில் அடித்தால் மூடாது. பொண்ணு இல்லாத வீட்டுக்குன்னு தேடி வந்த மாப்பிள்ளைடி இவரு, கவனிக்கலைன்னா முறுக்கிக்குவாரு என்று அப்பா அன்று வைத்த பெயர்தான் இன்றளவும் நிலைத்துவிட்டது.

அச்சகத்தில் எந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்தவருக்கு அந்த வண்டி ஒரு விளையாட்டு. மேடைதோறும் நான் முழங்கித் திரிந்த காலமெல்லாம் என்னை ஏற்றிச் சென்றவர் அவர்தாம். மேடைக்குப் பின்புறம் வண்டியை நிறுத்தி, நான் பேசி முடிக்குமுன் எதையாவது கழற்றித் துடைத்து மாட்டியிருப்பார். கைதட்டல் ஓயுமுன் நான் இறங்கி வந்தால், முழங்கைவரை எண்ணெயோடு நின்றுகொண்டு, உன் பேச்சும் கேட்டுச்சு, இவரு பேச்சும் கேட்டுச்சு, இவருதான் பேப்பர் பார்க்காமப் பேசுறாரு என்பார். கிளட்ச்சை உரசிணைப்பி என்றும் ஃபியூஸை உருகி என்றும் நான் திருத்துவேன். பட்டறையில அப்படிக் கேட்டா என்னையும் சேர்த்துக் கழட்டிடுவாங்க என்று சிரிப்பார். அந்த மனிதர்தாம் மகனே, சென்ற ஆண்டு கையில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடத் தொடங்கினார். முதுமை என்று நானும் சிரித்துக் கடந்தேன். ஆனால் பள்ளி விடும் வேளையில் மருந்துக்கடைக்குப் போனவர், எந்தக் காலை எதன்மேல் வைப்பது என்பதை மறந்து, வண்டியை நடைபாதைமீது ஏற்றிவிட்டார். பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். ஒரு குழந்தையின் தண்ணீர்க்குப்பி சக்கரத்துக்கு அடியில் நசுங்கியது. நல்லவேளை, குப்பி மட்டுந்தான்.

இனிமே சார் வண்டியைத் தொடவே கூடாதும்மா, நீங்க எடுத்துச் சொல்லுங்க, உங்க பேச்சை யார் தட்டப்போறா என்றார் மருத்துவர். ஆம், அதிகாரத்தின் கண்ணுக்கு நேரே விரல் நீட்டிப் பேசியவள் நான். கல்லெறிக்கு நடுவிலும் வாக்கியத்தைப் பாதியில் விட்டதில்லை. ஆனால் தட்டில் சோற்றைப் பிசைந்தபடி, நாளைக்கு இவருக்கு ஆயில் மாத்தணும் என்று சொல்லும் அந்த முகத்தைப் பார்த்து, இனி நீங்கள் ஓட்ட வேண்டாம் என்னும் ஒரு வரியைச் சொல்ல என் நா எழவில்லை. அப்போதுதான் நீ அந்த வழியைச் சொன்னாய்: ஒரு ஃபியூஸைக் கழட்டி வெச்சிடும்மா, ரெண்டு நாள் பார்ப்பாரு, அலுத்துப்போய் விட்டுடுவாரு, அப்புறம் வித்துடலாம் என்று. உன்மேல் பிழை சொல்ல இதை எழுதவில்லை. கேட்ட நொடியில் நிம்மதி அடைந்தவள் நான். நம் வண்டியைப் பழுதுபார்க்கும் பட்டறைக்காரர்தாம் தயங்கினார். அண்ணன் மூடியைத் திறந்த உடனே கண்டுபிடிச்சிடுவாரே அண்ணி, அப்புறம் என் மூஞ்சியில முழிப்பாரா என்று கேட்டுவிட்டு, மனமில்லாமல் கழற்றிக் கொடுத்தார். நகக்கண் அளவேயான அந்த உருகியை என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினேன்.

நாம் நினைத்தது நடக்கவில்லை. முதல் நாள் அவருக்குக் கொண்டாட்டம். மாப்பிள்ளை ரொம்ப நாளைக்கு அப்புறம் வேலை வெச்சிருக்காரு என்று சீழ்க்கை அடித்துக்கொண்டு, பழைய செய்தித்தாளை விரித்து, கருவிகளை வரிசையாக அடுக்கினார். பேட்டரியைப் பார்த்தார், டீசல் வரும் குழாயைப் பார்த்தார், வடிகட்டியைக் கழற்றி ஊதினார். சாவியைத் திருகினால் எந்திரம் சுற்றும், சுற்றிச் சுற்றிச் செத்துவிடும். அடுத்த நாள் உருகிப் பெட்டியின் மூடியையும் திறந்தார். சன்னலுக்குப் பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உருகி இருந்த இடம் காலியாக இருந்தது. அதையே உற்றுப் பார்த்தார். பார்த்தும் அது காலி என்று அவருக்குத் தெரியவில்லை. மூடியை மெல்லப் பொருத்திவிட்டு வேறிடத்தில் தேடப்போனார். பிறகு சீழ்க்கை நின்றது. உணவு குறைந்தது. பட்டறைக்காரர் தெருவில் வருவது தெரிந்தால் பானெட்டைச் சட்டென்று இறக்கி, சும்மா தொடச்சிட்டு இருந்தேன்பா என்பார். ஒருநாள் மாலை வாசற்படியில் உட்கார்ந்து தம் இரு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கேட்டார்: ஏம்மா, எனக்கு உண்மையிலேயே வேலை தெரியுமா, இல்ல இத்தனை வருசமாத் தெரிஞ்ச மாதிரி நடிச்சிட்டு இருந்தேனா என்று. மகனே, நோய் அவர் நினைவை எடுத்தது. அவர் தன்மதிப்பை எடுத்தவர்கள் நாம். பழுதே இல்லாத வண்டியில் பழுதைத் தேடவிட்டு, அது கிடைக்காத குற்றத்தை அவர் தலையில் சுமத்திவிட்டோம்.

உடனே பட்டறைக்காரரை வரவழைத்து உருகியை மாட்டச் செய்தேன். அப்பாவின் எதிரில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: மருந்துக்கடை, பிள்ளைகள், மருத்துவர், உருகி, எதையும் மறைக்கவில்லை. அவ்வளவு சினத்தை நான் அவரிடம் கண்டதில்லை. ஊரைக் கூட்டி உண்மை பேசுறவ, வீட்டுக்குள்ள இதைத்தான் பண்ணிட்டு இருந்தியா என்றார். எழுந்து போய் வண்டியை உயிர்ப்பித்தார். அதன் உறுமலைக் கண்மூடிச் சற்றுநேரம் கேட்டார். அணைத்தார். சாவியை என் கையில் வைத்து, சரி, இனிமே நான் ஓட்டல என்றார். வென்றேன் என்று நினைத்தேன். மறுநாள் காலை சட்டை மாற்றி, தலை சீவி வந்து, சாவி எங்கம்மா என்று நின்றார். மீண்டும் சொன்னேன். எப்போ, குழந்தை மேலயா, யாருக்காவது அடிபட்டுச்சா என்று பதறி, சுவரைப் பிடித்துக்கொண்டார். நேற்றைய புண் நமக்கு நேற்றோடு ஆறத் தொடங்கும். அவருக்கோ காலைதோறும் அது புதிதாய்க் கீறியது. பொய் அவரைச் சிறுமைப்படுத்தியது, மெய் அவரை நாள்தோறும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. சொல்லையே நம்பி வாழ்ந்த எனக்கு, எந்தச் சொல்லும் உதவாத இடம் ஒன்று உண்டு என்பது என் வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

ஆகவே பேச்சை விட்டேன், ஓட்டப் பழகினேன். சிரிக்காதே. பட்டறைக்காரர் அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கும் வேளைகளில் ஓட்டுநர் பள்ளிக்குப் போனேன். அங்கே கற்பிக்கும் பெண், அம்மா, ஸ்டியரிங்கை மைக் மாதிரி நெரிக்காதீங்க, அது ஓடிப்போகாது என்பாள். உரிமம் கைக்கு வந்த மறுநாள் காலை, அப்பா வெளியே வருமுன் வண்டியில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்துகொண்டேன். வந்தார். நின்றார். என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஓ, இன்னிக்கு நீ ஓட்டப்போறியா, சரி சரி, நான் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கறேன் என்று சுற்றிவந்து மறுபக்கம் ஏறிக்கொண்டார். அவ்வளவுதான். சாவியைப் பற்றிய கேள்வியே எழவில்லை. அன்றுமுதல் காலைதோறும் அதே முதற்பாடம்: கிளட்ச்சை மெதுவா விடு, அவசரப்படாதே, இவரு கோவக்காரரு. நானும் நேற்றுக் கற்றதை மறந்தவள்போல் காலைதோறும் கற்கிறேன். பின்னால் டக்கென்று ஓர் ஒலி கேட்டால் எனக்குமுன் அவர் செவிக்கு எட்டிவிடுகிறது. அவர் சொன்ன இடத்தில்தான் ரப்பர் தேய்ந்திருந்ததாகப் பட்டறைக்காரர் சொன்னார். அதைக் கேட்ட அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டார்.

சென்ற வாரம் வண்டியைத் திருப்பும்போது நான் தடுமாறி நிறுத்திவிட்டேன். அப்பா என் பக்கம் திரும்பி, மிகப் பணிவாக, பயப்படாதீங்கம்மா, மெதுவாக் கத்துக்கலாம், என் பொண்டாட்டியும் இப்படித்தான், மேடையில சிங்கம், வண்டியில ஏறினா என் கையைத்தான் பிடிச்சுக்குவா என்றார். நீங்க என்றார், மகனே. இத்தனை ஆண்டு வாழ்க்கையில் என்னை அவர் நீங்க என்று அழைத்தது அதுவே முதல் முறை. உங்கள் மனைவி நல்லவரா என்று கேட்டேன். நல்லவதான், கொஞ்சம் சத்தம் அதிகம் என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே சாவியைத் திருகினேன். வண்டி முதல் முறையிலேயே பிடித்தது.

விற்றுவிடு என்று இனிச் சொல்லாதே. தொலைபேசியில் அவரிடம் பேசும்போது உடம்பைப் பற்றிக் கேளாதே, வண்டியின் ஒலியைப் பற்றிக் கேள், நிரம்பச் சொல்வார். நீயும் குளிர் தொடங்குமுன் உன் வண்டியின் டயரையும் பிரேக்கையும் பார்த்துக்கொள். பேத்தியைப் பின்னிருக்கையில் இருக்கைப்பட்டை மாட்டி உட்காரவை. விடுமுறை கிடைத்தால் தள்ளிப்போடாமல் வா. நீ வந்து இறங்கும் நிலையத்துக்கு நாங்கள் இருவருமே வருவோம், நான்தான் ஓட்டி வருவேன். தாருங்கள் நான் ஓட்டுகிறேன் என்று சாவிக்குக் கை நீட்டிவிடாதே. சிறுவயதில் நீ தூங்கிக்கொண்டு வருவாயே, அந்தப் பின்னிருக்கையில் ஏறிக்கொள். அப்பா திரும்பிப் பார்த்து, தம்பி, நீங்க எங்க இறங்கணும் என்று கேட்டாலும் கேட்பார். கண் கலங்காமல், வீட்டுக்குத்தான் போகணும் என்று சொல்.

நீவிர் மூவரும் நோயின்றி, குறையின்றி, ஒருவரையொருவர் மறவாமல் நெடிது வாழ்க.

உன் வரவை நோக்கி,
அம்மா