தேய்ந்த விரல்கள்

5, வியாழன்
காலையில் தூறல். கடவுச்சீட்டுக்காக இவரோடு கந்தோருக்கு. இவருடைய விரல் அடையாளத்தை மெசின் உடனே எடுத்தது. என்னுடையதை எடுக்கவில்லை. துடைத்து, திரும்ப வைத்து, எல்லா விரலும் பார்த்தாயிற்று.

கந்தோரில் மெசினுக்கு இருந்த பெண்பிள்ளை: "ரேகை தேஞ்சி போயிருக்கம்மா. மருதோண்டியும் போட்டிருக்கிறீங்க. அது மங்கினாப் பிறகு வாங்க."

மருதோண்டி, இவரின் தங்கச்சி வேலை. உம்றாவுக்குப் போகிறவள் வெறும் விரலோடு போகக் கூடாதாம். நேற்றுப் பின்னேரம் நுனியெல்லாம் தொப்பி போட்டுவிட்டாள்.

நோன்புக்கு முன் உம்றாக் குழு மக்காவுக்குப் புறப்படும். கடவுச்சீட்டு வராவிட்டால் இவர் தனியே.

வாங்கியது: சீனி, சவர்க்காரம்.

6, வெள்ளி
தேய்தல் பற்றியே யோசனை. பிறை தேயும். செருப்பு, அம்மி, சவர்க்காரம். உம்மாவின் குரலும் கடைசியில் தேய்ந்துதான் நின்றது. எந்தச் சொல்லோடு என்று தெரியவில்லை.

சட்டி தேய்த்தேன் என்றே இவ்வளவு காலமும் சொன்னேன். சட்டியும் என்னைத் தேய்த்திருக்கிறது. குமராக இருக்கையில், தறியில் அறுந்த நூலை இந்தப் பெருவிரலால்தான் திரித்து முடிந்தேன். அந்தச் சாரன் யாரோ ஒருவர் இடுப்பில் இன்னும் இருக்கலாம், என் ரேகையோடு.

9, திங்கள்
சாம்பல், உப்பு தொடக் கூடாது. இவர் கட்டளை. சட்டி கழுவுவதும் இவரே. மச்சி வாசலில் நின்று தன் அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

"காக்கா, அடியையும் கழுவோணும். மறுகா மணக்கும்."

"நீ வெச்ச மருதோண்டியாலதான் நான் சட்டியோட நிக்கிறன். கதைக்காத."

லுஹர் தொழுகைக்குப் பின் எண்ணெய் பூசிய விரல்களை மடியில் வைத்து வாவியைப் பார்த்திருந்தேன். காற்று நீரில் கோடு போட்டது. அழித்தது. வேறு போட்டது. அப்படியே கண் அயர்ந்து, அஸர் பாங்கில் விழிப்பு.

"நீ இல்லாம நான் போகல்ல புள்ள." சட்டியைக் கவிழ்த்தபடி சொன்னார். போங்க என்று சொல்ல வாய் வரவில்லை. யா அல்லாஹ்.

23, திங்கள்
வெயில். அதே கந்தோர், அதே பிள்ளை. முதல் தரம் இல்லை. இரண்டாம் தரமும் இல்லை. இவர் தலை குனிந்துகொண்டார்.

"நெத்தியில விரலைத் தேச்சிட்டு வைங்கம்மா. பசை பிடிக்கும்."

நெற்றியில், தொழுகையில் ஸுஜூது பட்டுக் கறுத்த இடத்தில் தேய்த்தேன். பிஸ்மி சொல்லி வைத்தேன். திரையில் கோடுகள் மெல்ல வந்தன. நான்தான்.

"வந்திட்டு" என்றாள்.

இவர் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மெசின் வெளிச்சம் கூசுதாம்.