எதிர் நாற்காலி

ஜனவரி 7

அன்புள்ள டீச்சருக்கு,

இப்படி அழைத்தால் உனக்குப் பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் இப்படித்தான் அழைப்பேன். புகார்ப் பிரிவில் என் பக்கத்து ஸீட்டுக்கு வந்த முதல் நாளே, எவனோ போனில் கத்தினான் என்று பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தவள் நீ. பத்து வயது மூத்தவள் என்ற உரிமையில் தண்ணீர் பாட்டிலை நீட்டினவள் நான். இன்று நீ மனநல ஆலோசகர், நான் உன்னிடம் பயிற்சிக்கு நிற்கிறேன். சிரிக்காதே, எனக்கே சிரிப்பு வருகிறது.

வேலையை விட்டு ஒரு மாதம் ஆகிறது. ஹெட்போன் மாட்டின இடத்தில் காது இன்னும் அரிக்கிறது. எங்கே போன் அடித்தாலும், "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று வாய் தானாகத் திறந்துகொள்கிறது. காய்கறிக் கடையில் ஒரு நாள் மானம் போயிற்று. "போன் வேண்டாம், நடந்ததையெல்லாம் கடிதமாக எழுதுங்கள்" என்று நீ சொன்னது இதற்காகவும்தான் இருக்கும்.

நீ வேலையை விட்டுப் படிக்கப் போன அன்று சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? "ஒரு மணி நேரம் திட்டினவன் கடைசியில உங்ககிட்ட தேங்க்ஸ் சொல்லிட்டு வைக்கிறான். இது புகார் வேலை இல்லக்கா. உங்களுக்கு வேற வேலை இருக்கு." அதை யாரிடமும் சொல்லாமல் ஆறு வருடம் மனதில் போட்டு வைத்திருந்தேன். அஞ்சல் வழியில் படித்து முடித்த பிறகுதான் உன்னிடமே சொன்னேன். இந்த ஒரு வருடம் உன் மேற்பார்வையில் ஒழுங்காக முடித்தால் எனக்கென்று ஒரு அறை கிடைக்கும். நாற்பத்து நான்கு வயதில் இதைத் தவற விட்டால் திரும்பவும் புகார்ப் பிரிவுதான்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் பயிற்சிக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். முன்பு எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைத்திருந்த அறை, ஜன்னல் கிடையாது. இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. "வர்றவங்க அழுவாங்களா?" என்று நர்ஸிடம் கேட்டேன். "அது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் இவர் வழக்கம்போல வாயைத் திறப்பதில்லை. கண் பார்வை மங்கிவிட்டது என்று ரயில் எஞ்சின் ஓட்டுவதிலிருந்து இறக்கி எஞ்சின் ஷெட் வேலைக்கு மாற்றினார்களே, அன்றிலிருந்தே இப்படித்தான். நான் வேலையை விட்டதில் கோபமோ என்னவோ. சரி, நாம் படித்த படிப்பை இவரிடமே காட்டுவோம் என்று நேற்று உட்கார்ந்தேன்.

"இப்ப எப்படி உணர்றீங்க?"

"தூக்கம் வருது."

"தூக்கம் வர்ற மாதிரி உணர்றீங்க."

"ஆமா. லைட்டை அணை."

இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவாய்?

உன் பக்கத்து ஸீட் அக்கா


ஜனவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுப் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். இதோ, என் தொழிலுக்கு நீங்கள் செய்த உதவி.

மதிப்பெண் பூஜ்யம். பல் டாக்டர் வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்த எல்லோரையும் வாயைத் திறக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? நீங்கள் செய்தது அதுதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை அக்கா. எதிர் நாற்காலியில் இருப்பவரிடம் நமக்கென்று எதுவும் வேண்டியிருக்கக் கூடாது. மாமாவை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் தெரிகிறது, அவரிடம் உங்களுக்கு வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. அவர் பேச வேண்டும், சிரிக்க வேண்டும், நீங்கள் வேலையை விட்டது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அத்தனையையும் மடியில் வைத்துக்கொண்டு "எப்படி உணர்றீங்க" என்று கேட்டால், எந்த மனிதருக்கும் தூக்கம்தான் வரும். வீட்டில் மனைவியாக இருங்கள். கோபம் வந்தால் சண்டை போடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லித் தருவதாகப் பெயர். உண்மையில், உங்கள் கடிதம் வரும் நாளில் எனக்கு வேலை லேசாக இருக்கிறது. நாள் முழுக்க மற்றவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அறைக்குத் திரும்பினால், என்னோடு பேச இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

முதல் ஆள் வந்ததும் உடனே எழுதுங்கள். சொதப்பினால் சொதப்பினதையே எழுதுங்கள்.

அன்புடன்,
டீச்சர் என்று அழைத்தால் பதில் போடாத தங்கை


மார்ச் 10

அன்புள்ள டீச்சருக்கு (பதில் போடுவாய், எனக்குத் தெரியும்),

சொதப்பினதையே எழுதச் சொன்னாய். எழுதுகிறேன், படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

மனைவியைப் பறிகொடுத்த ஒரு பெரியவர் வந்தார். முக்கால் மணி நேரம் அழுதார். நீ சொன்னபடி நடுவில் பேசவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, தலையைக்கூட அதிகம் ஆட்டவில்லை. நேரம் முடியப் போகிறது என்றதும் எனக்குள் ஏதோ பட்டனை அமுக்கினது போல ஆயிற்று. பழைய குரலில், அந்தச் சிரிப்போடு, "வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வேற என்னம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு அந்த டிஷ்யூ பெட்டியைக் காலி செய்தேன். நர்ஸ் சொன்னது பலித்துவிட்டது.

அடுத்த வாரம் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். போன தடவை பேசினது தப்பு என்று மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, பேங்க்லயும் அப்படித்தான் கேக்கிறாங்க" என்றார். அதன் பிறகு நான் கடிகாரத்தின் பக்கமே திரும்பவில்லை. கடைசியில் அவராகவே, மனைவியின் செருப்பு இன்னும் வாசலிலேயே கிடப்பதைச் சொன்னார். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, இதுதான் என் வேலை என்று முதல்முறையாக நம்பினேன். அந்த நம்பிக்கை உன்னால் வந்தது. அதை முகத்துக்கு நேரே சொன்னால் நீ பேச்சை மாற்றுவாய், அதனால் எழுதி வைக்கிறேன்.

சண்டை போடச் சொன்னாயே, போட்டுப் பார்த்தேன். இவர் சண்டைக்கும் வரவில்லை. ஒரு மாதமாகப் புதன்கிழமைதோறும் உன் ஊருக்குக் கண் டாக்டரிடம் போய் வருகிறார். கண் மங்கினவர் செய்தித்தாளின் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார், அது எப்படியோ! ரயில்வேக்காரர், கையில் இலவச பாஸ் இருக்கிறது, பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் போகிறார். ரயில் கேட் பக்கமே போவதில்லை, கடைக்குப் போனாலும் சுற்றிக்கொண்டுதான் போகிறார். கேட்டால், "நடந்தா உடம்புக்கு நல்லது" என்கிறார்.

உனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி வைத்திருக்கிறேன். "அந்த ஊருக்குத்தானே போறீங்க, அவகிட்ட கொடுத்துட்டு வாங்களேன்" என்றேன். முகம் வெளுத்துப் போயிற்று. "என்னால முடியாது, தபால்ல அனுப்பு" என்றார். ஒரு பொட்டலம் தூக்குவதற்கு இவ்வளவு கூச்சமா? தபாலிலேயே அனுப்புகிறேன். கை நீளம் சரியா என்று எழுது.

உன் அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எப்படி எழுதினாலும் உங்களுக்கு வலிக்கும். நேராகவே எழுதிவிடுகிறேன்.

இனி நான் உங்கள் மேற்பார்வையாளராக இருக்க முடியாது. இந்தக் கடிதப் போக்குவரத்தும் இதோடு நிற்க வேண்டும். உங்கள் ஊரிலேயே, மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு மூத்த ஆலோசகர் இருக்கிறார். பெரிய மீசை, சிரிக்க மாட்டார், ஆனால் நேர்மையானவர். அவரிடம் பேசிவிட்டேன். உங்களை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், அவர் இறங்கி வரவில்லை.

உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. அந்தப் பெரியவரிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்ட இடத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் நல்ல ஆலோசகர் ஆவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

காரணம் கேட்காதீர்கள். சொல்லக்கூடியதாக இருந்திருந்தால் முதலில் உங்களிடம்தான் ஓடி வந்திருப்பேன். எழுதும்போது அழுகிறேன், அதை மறைக்க விரும்பவில்லை.

ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. கை நீளம் சரியாக இருக்கிறது.

என்றும் உங்கள் தங்கை


மார்ச் 26

அம்மா மனநல ஆலோசகர் அவர்களுக்கு,

நன்றாக இருக்கிறது. நடு ஆற்றில் இறக்கிவிட்டு, "நீங்கள் நன்றாக நீந்துவீர்கள்" என்று சொல்வது நன்றாகவே இருக்கிறது.

உன்னை நம்பி வேலையை விட்டேன். அதற்காகச் சம்பாதிக்கிற வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு திரிகிறேன். "எப்பம்மா உனக்கு வேலை கிடைக்கும்?" என்று விடுதியில் தங்கிப் படிக்கிற என் மகள் கேட்கிறாள். முதலிலிருந்து தொடங்கு என்கிறாய். எதற்காக? நான் என்ன செய்தேன்? "வேறு ஏதாவது உதவி வேண்டுமா" என்று கேட்டதற்கா? அப்படியென்றால் அதைச் சொல், வாங்கிக்கொள்கிறேன். பதினான்கு வருடம் திட்டு வாங்கின காது இது. காரணம் இல்லாமல் கதவைச் சாத்துவதைத்தான் அதற்குத் தாங்கத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் காரணம் சொல்லாமல் மௌனமாக இருக்கிறார். நீயுமா?

மறுதபாலில் பதில் வேண்டும்.


ஏப்ரல் 1

அக்கா,

உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதில் என்ன இருந்தாலும் நான் படிக்கக் கூடாது. மீசைக்காரரிடம் போங்கள். தயவுசெய்து போங்கள்.


ஜூன் 19, புதன்

தங்கைக்கு,

உறைக்குள் போட்டால் பிரிக்க மாட்டாய் என்று நாலைந்து அஞ்சலட்டைகளில் எண் போட்டு எழுதுகிறேன். தபால்காரர் படிக்கட்டும், உங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் படிக்கட்டும். யாரும் படிக்கக் கூடாதது எதுவும் இதில் இருக்காது.

மீசைக்காரரிடம்தான் இருக்கிறேன். நிஜமாகவே சிரிக்க மாட்டேன் என்கிறார். முதலிலிருந்துதான் தொடங்கினேன்.

சென்ற வாரம் என் எதிர் நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பேசப் பேசத் தெரிந்தது, நான் தினமும் மாலையில் உட்கார்ந்து அரட்டை அடிக்கிற ஒரு சிநேகிதியின் வீட்டு ஆள் அவர். யார் என்று எழுத மாட்டேன். வேறு ஆலோசகரிடம் அனுப்பலாமா என்று மீசைக்காரரைக் கேட்டேன். "இப்பத்தான் வாயைத் திறந்திருக்காங்க. இன்னொரு கதவைக் காட்டினா இனி எந்தக் கதவையும் தட்ட மாட்டாங்க. நீங்க அந்த சிநேகிதியை விட்டு விலகுங்க" என்றார். விலகினேன். இனி அரட்டைக்கு வர முடியாது, காரணம் கேட்காதே என்று சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். மார்ச் மாதத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது.

எனக்கு வேண்டிய ஒருவர் உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். நான் கேட்கவில்லை, நீயும் சொல்லாதே. அவர் எதைச் சுமந்துகொண்டு திரிகிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. எனக்கு வராத பேச்சு உனக்கு வருகிறதே என்று வயிறும் எரிகிறது. எரிந்துவிட்டுப் போகட்டும். நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என் மனம் அன்றே ஆறியிருக்கும், அவர் அடுத்த புதன்கிழமை வந்திருக்க மாட்டார். நீ பிரிக்காத அந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டினதற்கு மன்னித்துக்கொள்.

வீட்டுச் செய்தி எழுதக் கூடாது, அதனால் வானிலைச் செய்தி எழுதுகிறேன். காலையிலிருந்து மூட்டமாக இருக்கிறது. மாலை பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நனையக் கூடாதே என்று குடையைக் கதவோரம் சாத்தி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்கப் போவதில்லை.

இதற்குப் பதில் போடாதே. என்னை விட்டது சரிதான். அவரை விட்டுவிடாதே.

அக்கா