கிளிமூக்குச் சேவலுக்கு வெளி ரத்தம்

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு அப்பா ராஜரத்தினம் எழுதுவது. இங்கே கோழிகள், உன் அம்மா, நான் எல்லோரும் சுகம். வீட்டில் உள்ள மரியாதை வரிசைப்படியே எழுதியிருக்கிறேன். அயர்லாந்துக் குளிரில் உனக்கும் ஜோயலுக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க அய்யனாரை வேண்டிக்கொள்கிறேன். ஜோயலைப் பார்த்துக்கொள்ள அவருக்கென்று வேறு ஆள் உண்டு என்றாலும், கூட ஒருவர் பார்த்துக்கொண்டால் நஷ்டமில்லை. போனில் பேசினால் உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு வந்துவிடுவாள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என் போனை எடுத்துப் படித்துவிடுவாள், அதனால்தான் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். மில் ஓய்வூதியர் சங்கத்துக்கு மனு எழுதுவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பொங்கலன்று நீ ஜோயலைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னதிலிருந்து அவள் உன்னோடு பேசாததில் நீ எவ்வளவு கலங்கிப் போயிருக்கிறாய் என்பது தெரியும், எனக்கும் சோறு இறங்கவில்லை தாயி. தன் அண்ணன் மகன் லிங்கேஸ்வரனுக்குத்தான் உன்னைக் கொடுக்க வேண்டும், உறவு விட்டுப் போகக் கூடாது என்பது அவள் பிடிவாதம். லிங்கேஸ்வரன் நல்ல பையன்தான், ஆனால் அவன் ஏற்கெனவே தன் புல்லட் வண்டியோடு குடும்பம் நடத்துகிறான். உன் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அவள் கோழிக்கூண்டில் கொண்டுபோய்க் கொட்டினாள். மயில் நிறச் சேவலுக்குத் தினம் ராகியும் முட்டையும் பாதாமும், எனக்கு நேற்று வைத்த ரசம். அந்தச் சேவலுக்குக் கிளி போல வளைந்த மூக்கு, தரையைக் கூட்டும் வால், வெயிலில் நின்றால் கழுத்தில் பச்சையும் நீலமும் மின்னும். அந்த நிறம் கெட்டுவிடக் கூடாது என்று இத்தனை வருஷமும் நம் கூண்டுக் கோழிகளையே ஒன்றுக்கொன்று ஜோடி போட்டு வந்தாள், வெளிக் கோழி ஒன்றை வாசல் மிதிக்க விட்டதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் சேவல் கண்காட்சி. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனாள், உன் மாமாவும் கூடவே வந்தார், கூண்டு தூக்கியது நான். சோழபுரம் மாரிச்சாமிதான் நடுவர். சேவலைத் தூக்கி மூக்கைப் பார்த்தார், வாலை விரித்துப் பார்த்தார், உன் அம்மா அப்போதே கோப்பையை எந்த அலமாரியில் வைக்கலாம் என்று யோசித்திருப்பாள். கடைசியில் நெஞ்சைத் தடவிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. நெறம் அள்ளுது தாயி, ஆனா நெஞ்செலும்பு கோணிப் போச்சே, ஒரே வீட்டு ரத்தத்தையே திரும்பத் திரும்பக் கட்டுனா இப்பிடித்தான் வரும், வெளியிலிருந்து ஒரு பெட்டையக் கொண்டாந்து சேருங்க என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். உன் மாமா டீ குடிக்கப் போய்விட்டார். உன் அம்மா திரும்பி என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். நான் அவளுக்குச் சொந்த அத்தை மகன் என்பது உனக்கு நினைவிருக்கும், அறியாமல் நானும் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். பால்கோவாக் கடைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் பஸ் ஏறியபோதுதான் அடி எவ்வளவு பலம் என்று புரிந்தது.

மறு வாரம் அவளே என்னைக் கூட்டிக்கொண்டு சோழபுரம் போனாள். மாரிச்சாமி கைகாட்டிய வீட்டில் கட்டுமஸ்தான ஒரு கறுப்புப் பெட்டையை வாங்கினோம். அந்த வீட்டுச் சுவரில் சிலுவை மாட்டியிருந்தது. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள், பஸ்ஸில் வரும்போது இருவருமே கோழித் தீவனத்தைப் பற்றித்தான் பேசினோம். முந்தாநாள் குஞ்சு பொரித்தது. நிறம் கன்னாபின்னாவென்று இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் காலை ஊன்றி நிற்கிற நிலையைப் பார்க்க வேண்டுமே! உன் அம்மா ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காலை முழுக்கக் கூண்டு பக்கமே உட்கார்ந்திருந்தாள்.

இதுவரை எழுதியபோது அவள் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள், எப்போது வந்தாளோ தெரியாது. சங்கத்துக்கு எழுதுறது இம்புட்டு நீளமாவா இருக்கும் என்றாள். நான் பேனாவை மூடப் போனேன். எழுதுங்க, நான் சரின்னு சொல்லிட்டேன்னு மட்டும் எழுதிராதீக, அந்தப் பையன் எம்புட்டு உயரம்னு கேளுங்க, மூக்கு தெரியுற மாதிரி பக்கவாட்டுல நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பச் சொல்லுங்க என்றாள். என் போனுக்கு இல்லை, அவள் போனுக்கு.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் தாயி. வேளைக்குச் சாப்பிடு. கடிதம் கிடைத்ததும் மறக்காமல் ஜோயலை வெளிச்சத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடு. நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், நெஞ்சை நிமிர்த்தி நிற்கச் சொல்.

உன் பாசமுள்ள அப்பா,
ராஜரத்தினம்