எழுபது மில்லிமீற்றர்

டோட்முண்ட்,
12.11.2023

அன்பின் ஜெசிதாவுக்கு,

நான் சுகம். நீரும் சுகமாயிருக்க எங்கள் கோயில் புனித யாகப்பரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். தொலைபேசியில் நாங்கள் "சாப்பிட்டீரா", "அங்கை மழையா" என்பதற்கு மேலே போவதில்லை, எழுதினால் நாலு வசனம் கூட வரும் என்று நீர் சொன்னீர். இங்கே வந்த இந்தப் பதின்மூன்று வருடத்தில் நான் பேனை பிடித்தது கையெழுத்துப் போட மட்டும்தான். சிவப்பு மையை எடுக்காமல் வாசியும்.

ஜேர்மன் பாஸ்போட் கைக்கு வந்து இரண்டு மாதம். அகதி ஊருக்குப் போகக்கூடாது என்று இனி என்னை மறிக்க ஒருவருமில்லை. வாற யூலை யாகப்பர் திருவிழாவுக்குக் குருநகரில் நிற்பேன். எழுத்தில் தருகிறேன். எதையும் எழுத்தில் கேட்கிற ஆள் நீர்தானே.

இன்னொரு விசயம். எங்கள் பட்டறையில் ஆளின் உடம்பை அளந்து, அந்த அளவுக்கு டைற்றேனியம் குழாய்களை வெட்டி ஒட்டி, றோட்டில் வேகமாக ஓடுகிற சைக்கிள் செய்கிறோம் என்று உமக்குத் தெரியும். எட்டு வருடமாக ஆருக்கோ செய்கிறேன். வெட்டி மிஞ்சிய குழாய்களை எடுத்துக்கொள் என்று முதலாளி விட்டுவிட்டார். சனிக்கிழமைகளில் உமக்கு ஒன்று செய்யப் போகிறேன். குருநகரின் உப்புக்காற்று உம்முடைய சைக்கிளை எப்படித் தின்னும் என்று எனக்குத் தெரியும். இது துருப்பிடிக்காது. எங்கள் இரண்டு பேரையும்விடக் கூடக்காலம் இருக்கும்.

அளவு வேண்டும். வெறுங்காலுடன் சுவரில் முதுகை ஒட்டி நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையில் மேலே இழுத்துப் பிடித்து, அது சுவரில் முட்டுகிற இடத்தில் கோடு போடும். நிலத்திலிருந்து கோடு வரை ஒரு அளவு. பிறகு கையை நேரே நீட்டிப் பென்சிலைப் பொத்திப் பிடித்து, தோள் எலும்பிலிருந்து பென்சில் வரை ஒரு அளவு. மற்றவற்றைத் தனித்தாளில் படம் போட்டிருக்கிறேன். கட்டாயம் ஓராளைக் கொண்டு நாடாவைப் பிடிப்பியும்.

சைக்கிளை நானே கொண்டு வருவேன்.

அன்புடன்,
சிமியோன்


குருநகர்,
08.12.2023

அன்பின் அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. பிழைகள் குறைவு.

நான் கேட்டது நாலு வசனம். நீங்கள் சைக்கிள் தருகிறீர்கள். பரவாயில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் சீற்றிலிருந்து ஹாண்டில் வரை உயரமாக ஒரு பார் போகிறது. நான் பள்ளிக்கூடத்துக்குச் சேலையில் போகிறவள் என்பது உங்களுக்கு மறந்துவிட்டது. சேலையுடன் இதில் ஒரு காலைக்கூடத் தூக்கிப் போட முடியாது. இதை ஒரு குறையாக எழுதவில்லை. இருபத்திரண்டு வருடம் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்ததில் படம் என்றால் உற்றுப் பார்க்கிற பழக்கம்.

அளவுகள் தாளில் உள்ளன. மில்லிமீற்றர் வரை எடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு றோஸ் அக்கா நாடாவைப் பிடித்தா.

அம்மா கண்ணை மூடிய பிறகு வீடு பெரிதாகத் தெரிகிறது. மாரி மழையில் முன் அறையின் ஓடு இரண்டு விலகி ஒழுகியது. ஆள் பிடித்து மாற்றினேன். சுவருக்கும் பூச்சுப் பூசப் போகிறேன். நீங்கள் வந்தால் அந்த அறையில்தான் காற்று வரும்.

ஒன்று கேட்க வேண்டும். தொலைபேசியில் கேட்டால் நீங்கள் இருமுவீர்கள், அதனால் இங்கே கேட்கிறேன். இந்தச் சைக்கிள் உங்களுடன் வருகிறதா, உங்களுக்குப் பதிலாக வருகிறதா? எதுவென்றாலும் சொல்லலாம். தெரியாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

பாலன் பிறக்கும் நத்தாருக்கு வாழ்த்துகள். குளிருக்குக் காதை மூடுங்கள்.

இப்படிக்கு,
ஜெசிதா


டோட்முண்ட்,
03.02.2024

அன்பின் ஜெசிதாவுக்கு,

சேலை விசயத்தை வாசித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. முதலாளியிடம் சொன்னேன், பாரைத் தாழ்த்தலாம் என்றார். பிறகு யோசித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போக உமக்கு அந்தப் பழைய லேடீஸ் சைக்கிள் இருக்கிறது. இது ஓடுவதற்காக மட்டும் ஓடுகிற சைக்கிள். சுடிதாரைப் போட்டுக்கொண்டு விடிய வெளிக்கிடும். ஆரும் ஏதும் கேட்டால் டொக்டர் சொன்னவர் என்று சொல்லும்.

பிரேம் முடிந்துவிட்டது. இந்த உலோகத்தை ஒட்டும்போது சூட்டில் காற்றுப் படக்கூடாது. குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் ஆகன் வாயுவை ஓடவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஒட்டு வெள்ளியாக வந்தால் சரி. நீலமாக வந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, அது ஒருநாள் வெடித்துப் பிளக்கும். உம்முடையதில் ஒரு மூட்டு நீலமாக வந்தது. நல்லாய்த்தான் இருக்கு, ஊரிலை ஆர் பார்க்கப் போகினம் என்று கூட நிற்கிறவன் பகிடி விட்டான். அந்தக் குழாய்களை வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து செய்தேன்.

வாங்குகிறவர்களின் முகத்தை நான் கண்டதேயில்லை. ஒரு தாளில் பதினொரு இலக்கம் வரும், அதை வைத்து முழு ஆளையும் செய்துவிடுவேன். உம்முடைய இலக்கங்களைப் பார்த்தபோது ஒன்று இடித்தது. உம்முடைய கை என் ஞாபகத்தில் இருப்பதைவிட நீளமாக இருக்கிறது. றோஸ் அக்கா நாடாவை இழுத்துத்தான் பிடித்தாவா? பிறகு, இத்தனை வருடத்தில் ஞாபகம்தான் பிழைத்திருக்கும் என்று உம்முடைய இலக்கத்தையே எடுத்தேன்.

எங்களோடு வேலை செய்கிற கிறிஸ்ரோபர் ஏப்ரலில் தங்கச்சியின் கலியாணத்துக்கு வருகிறான். அவனுக்கு விமானத்தில் பாரம் கூடக் கொண்டுபோக விடுவார்கள். சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அவனிடம் தந்துவிடுகிறேன். அது முன்னால் வரட்டும், பின்னால் நான்.

உம்முடைய கேள்விக்கு யூலையில் நேரில் பதில்.

அன்புடன்,
சிமியோன்


குருநகர்,
05.05.2024

அன்பின் அத்தானுக்கு,

பெட்டி வந்து மூன்று கிழமை. ஓடிப் பார்த்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

கிறிஸ்ரோபர் தானே கொண்டுவந்து தந்தார். நல்ல மனிசன். புட்டும் மீன் குழம்பும் கொடுத்தேன். "எத்தினையாம் தரம் தம்பி ஊருக்கு வாறீர்?" என்று கேட்டேன். "இது நாலாம் தரம் அக்கா" என்றார். சொன்ன பிறகுதான் யோசித்தார் போல. "அவருக்கு வேலை கூட அக்கா. வருவார்" என்றார், சாப்பாட்டுக் கோப்பையில் மீன் முள்ளைத் தேடிக்கொண்டு. இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டேன். பாவம், அவரைச் சாப்பிட விட வேண்டும்.

நீங்கள் இலக்கமிட்டு எழுதியபடி நானே பூட்டினேன். இடது பெடலை எதிர்ப்பக்கம் சுழற்ற வேண்டும் என்று எழுதாவிட்டால் மரையைக் கெடுத்திருப்பேன். பூட்டி முடியும்வரை றோஸ் அக்கா வாசலிலேயே நின்றா. ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்னடி பிள்ளை, பப்பாத் தண்டு மாதிரிக் கிடக்கு" என்றா. பிறகு, "ஆளை அனுப்பு எண்டால் உவன் கம்பியை அனுப்பியிருக்கிறான்" என்றா. நான் சிரித்தேன். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

முதல் நாள் நீர்வேலி மட்டும். இரண்டாம் முறை புத்தூர் தாண்டி வல்லை வெளி வரை. நான் இலகுவில் எதையும் புகழ்கிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இது ஓடுகிற மாதிரி ஒன்று ஓடி நான் கண்டதில்லை. றோட்டில் உள்ள கல் தெரிகிறது, ஆனால் அடிக்கவில்லை. நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு நின்ற பொடியன்கள், "ரீச்சர், ஆரைக் கலைச்சுப் பிடிக்கப் போறியள்?" என்று கத்தினார்கள். ஒருவன் என்னிடம் படித்தவன், கணிதத்தில் சித்தியடையாதவன். கை காட்டினேன். வல்லை வெளியில் எதிர்க்காற்றில் குனிந்து மிதிக்கும்போது, நாற்பத்தெட்டு வயதில் இது எனக்கு எதற்கு என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. திரும்பி வரும் வழியில்தான் யோசித்தேன்.

இனிக் குறை. ஹாண்டில் எனக்கு எட்டவில்லை. எட்டுகிறது, ஆனால் தோளை முன்னால் இழுத்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. பத்துக் கிலோமீற்றருக்குப் பிறகு கழுத்து விறைத்துவிடுகிறது. உங்கள் பக்கம் பிழையில்லை. பிழை என்னுடையது, அதைச் சொல்லத்தான் வேண்டும். றோஸ் அக்கா நாடாவைப் பிடிக்கவில்லை. ஒருவரும் பிடிக்கவில்லை. சட்டைத் தோளில் ஊசியால் நாடாவைக் குத்திவிட்டு மற்றக் கையால் நானே எடுத்தேன். நாடா தொய்ந்திருக்கிறது. சைக்கிள் வந்த பிறகு பள்ளிக்கூடத்துச் சினேகிதி ஒருத்தியைக் கொண்டு அளந்து பார்த்தேன். நாலு சென்ரிமீற்றர் வித்தியாசம். உங்களுடைய ஞாபகம்தான் சரி.

ஏன் ஒருவரையும் கேட்கவில்லை என்றால், கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். புருசன் வாறானா என்று கேட்பார்கள். அளவை மட்டும் கொடுத்துவிட்டு அந்தக் கேள்வியை மறிக்க எனக்குத் தெரியவில்லை. வீட்டில் நாடா பிடிக்க ஓராள் இல்லை என்று உங்களுக்கு எழுதவும் விருப்பமில்லை.

சைக்கிள் கடையில் கேட்டேன். இந்த உலோகத்தில் கை வைக்கமாட்டோம் என்றார்கள். ஆனால் ஹாண்டிலைப் பிரேமுடன் பிணைக்கும் கழுத்துத் துண்டு, ஸ்டெம் என்கிறார்களே, அதைக் குட்டையாக ஒன்று போட்டால் சரிவரும் என்றார்கள். இப்போது உள்ளது நூற்றுப் பத்து மில்லிமீற்றர். எழுபதில் ஒன்று உங்களிடம் இருக்கும். யூலையில் வரும்போது கொண்டு வாருங்கள். பொக்கற்றுக்குள் வைக்கலாம். அவசரமில்லை. அதுவரை நீர்வேலியோடு திரும்புவேன்.

முன் அறைக்குப் பூச்சுப் பூசியாகிவிட்டது. வெள்ளைதான். திருவிழாவுக்குக் கொடியேற முன்னம் வருவீர்களா, பிறகா? விடுமுறைக் கடிதம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜெசிதா


டோட்முண்ட்,
11.06.2024

அன்பின் ஜெசிதாவுக்கு,

சுகம். இத்துடன் ஸ்டெம் வருகிறது. எழுபது மில்லிமீற்றர். இதுவும் டைற்றேனியம்தான், நானே செய்தேன். உமக்குக் கழுத்து நோகும்போது யூலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. பதிவுத் தபாலில் போட்டால் மூன்று கிழமையில் கிடைக்கும் என்கிறார்கள்.

முதலில் மேல் மூடியைக் கழற்றும். பிறகு பக்கத்து ஆணி இரண்டையும் தளர்த்தும். புதியதைப் பூட்டும்போது முதலில் மேல் ஆணி, அதன் பிறகுதான் பக்கத்து ஆணிகள். மாற்றிச் செய்தால் ஹாண்டில் ஆடும். கனக்க இறுக்க வேண்டாம். முன் சில்லுக்கு நேராக ஹாண்டில் நிற்கிறதா என்று மேலே நின்று ஒரு கண்ணை மூடிப் பாரும்.

நாடா விசயத்தை வாசித்தேன். நீர் முன்னமே சொல்லியிருக்கலாம்.

இங்கே இந்தக் கோடையில் ஓடர் கூட. ஓகஸ்ற் முடியும்வரை ஒருவருக்கும் லீவு இல்லை என்று முதலாளி சொல்கிறார். பார்ப்போம். உடம்பைப் பாரும்.

அன்புடன்,
சிமியோன்


குருநகர்,
28.07.2024

அன்பின் அத்தானுக்கு,

பொதி இரண்டாம் திகதி கிடைத்தது. தபாற்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் தந்தபோது பாரமே இல்லை. உள்ளே என்ன என்று உடனே தெரிந்தது. அதனால் இரண்டு நாள் உடைக்காமல் மேசையில் வைத்திருந்தேன். உடைத்த பிறகு கடிதத்தை முதலில் வாசித்தேன். ஆணிகளைப் பற்றி எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறீர்கள். எந்த ஆணி முதலில், எவ்வளவு இறுக்க வேண்டும், எப்போது ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும்.

உங்களைக் கொண்டுவரச் சொன்ன ஒரே ஒரு பொருள் அது. நீங்கள் அதைத் தபாலில் போட்டுவிட்டீர்கள். டிசம்பரில் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவாக நீங்கள் பதில் எழுதியிருக்க முடியாது. எழுதவும் மாட்டீர்கள். நீங்கள் கெட்ட மனிசன் இல்லை. என் கழுத்து நோகக்கூடாது என்று நினைத்தது உண்மை என்றுதான் நினைக்கிறேன். இங்கே வந்து இந்த அறையில் என்னோடு இருந்து கதைப்பது உங்களுக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும் பயம் இருந்தது. நான் அந்தப் பயத்தோடுதான் அறைக்குப் பூச்சுப் பூசினேன்.

ஸ்டெம்மைப் பூட்டினேன். மிகவும் சரி. திருவிழாவன்று விடியற்காலையில் பூசைக்குப் போகாமல் வல்வெட்டித்துறை வரை ஓடினேன். போக முப்பது கிலோமீற்றர், வர முப்பது. கழுத்து நோகவில்லை, தோளும் நோகவில்லை. கடற்கரையில் வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. உடம்புக்கு இவ்வளவு பொருந்துகிற ஒரு பொருளை எனக்கென்று ஒருவரும் செய்ததில்லை. அதில் இருந்தபடியே அழுதேன், ஆனால் மிதிப்பதை நிறுத்தவில்லை, அது அப்படி ஓடுகிற சைக்கிள்.

பின்னேரம் யாகப்பரின் சுரூபம் வைத்த கூடு சுற்றி வரும்போது றோஸ் அக்கா சனத்துக்குள் என் கையைப் பிடித்து, "எங்கையடி அவன்? இண்டைக்கு நிப்பான் எண்டாய்?" என்றா. "அவர் வரமாட்டார் அக்கா" என்றேன். இந்தப் பதினாலு வருடத்தில் இதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவ ஏசுவா, பகிடி பண்ணுவா என்று நினைத்தேன். பிடித்த கையை விடாமல் சனத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்தா. பிறகு, "அப்ப நீ சாப்பிட்டியா?" என்றா.

இனி நான் உங்களை வரச்சொல்லி எழுதமாட்டேன். நீங்களும் வருகிறேன் என்று எழுத வேண்டாம். திருவிழாவுக்கு, நத்தாருக்கு என்று திகதி தர வேண்டாம். ஏதும் கடதாசியில் கையெழுத்து வேண்டுமென்றால் அனுப்புங்கள், வாசித்துவிட்டுப் போடுவேன். சைக்கிளைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. அது வேறு ஒருவருக்கும் பொருந்தாது.

முன் அறையை வாடகைக்கு விட்டுவிட்டேன். மீனாம்பிகை என்று ஒரு தாதி, புத்தூர்ப் பக்கம், பெரியாஸ்பத்திரிக்கு மாற்றலாகி வருகிறா. நேற்று வந்து பார்த்துவிட்டு, கிணற்றுத் தண்ணி உப்பா என்று கேட்டா. ஓம், உப்புத்தான் என்றேன். அப்படியும் சரி என்றா.

வீட்டு வாசல் பூட்டுக்கு இரண்டு திறப்புகள்தான் இருந்தன. உங்களுடையதை அவவுக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஜெசிதா