அம்மா நம்பருக்கு இனிமே நில் போட முடியாதாம்

உத்திரமேரூர்

சைமாவுக்கு அத்தா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்க கீறேன், வேலை செய்றேன், சாப்புடுறேன். நீ புனேல நல்லா கீறியான்னு எழுது. இங்க மழை வுட்டுட்டுது, ஏரி பாதிக்கு மேல நிக்குது, எல்லப்பன் ரெண்டு மோட்டார் கொண்டாந்து போட்டாரு, ஒண்ணுக்கு காயில் கட்டி முடிச்சிட்டேன் இன்னொண்ணு அப்படியே கீது. கூரம் மாமி வந்தாங்க, நாப்பத்தொண்ணெல்லாம் ஒரு வயசா தம்பி வேற ஒரு புள்ளய பாருன்னாங்க. டீ போட்டுக் குடுத்தேன், சக்கரை போடல போல, அதுக்கும் பேசிட்டுப் போனாங்க.

போன்ல கேட்டியே, அம்மா போனதுலேர்ந்து அஞ்சு மாசமா ஸ்பேர்ஸ் கடை பூட்டியே கீது, ஒரு பேரிங் கூட விக்கல, வரியே இல்லாதப்ப எதுக்கு அத்தா மாசாமாசம் ஜிஎஸ்டி போடுறீங்கன்னு. வரி இல்லன்னாலும் இல்லன்னு சொல்லியாவணும்மா, சொல்லலன்னா ஒரு நாளைக்கு இருவது ரூபா ஃபைன்னு ஏறிக்கினே போவும். லோடு இல்லாம சுத்துற மோட்டார் கூட கரண்டு இழுக்கும்ல, அதுமாரி. அதனால மாசம் இருவதாம் தேதிக்குள்ள அம்மா போன்லேர்ந்து நில்னு, ஒண்ணும் இல்லன்னு அர்த்தம், ஒரு மெசேஜ் அனுப்புவேன், ஒரு கோடு நம்பர் வரும், அத திருப்பி அனுப்பினா முடிஞ்சிது. அதுக்குத்தான் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணிக்கினு கீறேன்.

போன வாரம் ஆடிட்டர் ஆபீஸ்ல கல்பனா பாத்துட்டு, இன்னா அண்ணே யாரு போடுறது இந்த நில்லுன்னுச்சு. நான்தான்னேன். அப்ப அக்கா உயிரோட கீறாங்கன்னு மாசாமாசம் கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்துக்கினு கீறீங்கன்னு சொல்லிட்டு, அதுவே தலைய குனிஞ்சிக்கிச்சு. ஓனர் மௌத்தாயிட்டா இப்படி ஓட்டக்கூடாதாம், கேன்சலுக்கு எழுதணுமாம். படிச்சிட்டு வந்து நான் நடத்துறேன், அம்மா நம்பர மூடாதீங்கன்னு நீ சொன்னது மனசுல கீது. உன் பேருக்கு மாத்தலாமான்னு ரெண்டு வாட்டி கேட்டேன். முடியாதாம். அந்த ஜிஎஸ்டி நம்பர் பதினஞ்சு எழுத்துல நடுவுல பத்து உங்கம்மா வகிதாவோட பான் நம்பர், இன்னொருத்தருக்கு ஒட்டாது. கடை உனக்குத்தான், உன் பேர்ல புதுசா நம்பர் வாங்கிக்கலாம், பலகைய நான் எறக்கல. ஆனா இது போவட்டும் கண்ணு.

கூட வச்சிருக்கிற கேன்சல் பேப்பர்ல வாரிசுன்னு பென்சில் டிக் போட்ட ரெண்டு எடத்துல கையெழுத்து போட்டு, ஆதார் ஜெராக்ஸோட ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பு. அம்மா பேரு, கடை அட்ரஸ் எல்லாம் நானே எழுதிட்டேன். மௌத்தான தேதின்னு ஒரு கட்டம் கீது, அது மட்டும் காலியா கீது. மூணு நாளா பேனாவ எடுத்து எடுத்து வச்சிட்டேன். உன்ன எழுதச் சொல்றது தப்புதான். நீ எழுதிடு.

அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல மனசையும் குடுக்கணும், ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்குறேன். நாஷ்டா துண்ணாம காலேஜு போவாதே. தபால் இருவதாம் தேதிக்கு முன்னாடி இங்க வந்துடணும், மறக்காதே.

உன் அத்தா
முஸ்தபா