சமையலறை நாற்காலியில் பெல்ட் இல்லை

ரோஸ்கோ,

உன் தம்பி லானின் வலது கையில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன, அதற்குக் காரணம் நீ. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதைக் கேட்பது என்று உட்கார்ந்தேன். இனிக் கேட்கிறேன், நீ, கமீலா, பிள்ளைகள் எல்லோரும் சுகமா? சின்னவளுக்கு முன்பல் விழுந்த படத்தைக் கமீலா அனுப்பியிருந்தாள், பார்த்தேன். இங்கே எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஒபீலியா சித்திக்கு முழங்கால் மாற்றிவிட்டார்கள், அவள் அந்தக் கதையைச் சொல்லியே தெருவை ஒரு வழி பண்ணுகிறாள், பின்கட்டுக் கூரை இன்னும் ஒழுகுகிறது. லான் என் சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். பிணையில் விட்டபோது கணுக்காலில் ஒரு கறுப்புப் பெட்டியைப் பூட்டி அனுப்பினார்கள், வாசற்படியைத் தாண்டினால் அது கத்தும், அதனால் குப்பை கொட்டக்கூட நான்தான் போகிறேன். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். தொலைபேசியில் என் எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விடலாம், காகிதத்தைப் பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது, சிறு வயதிலிருந்தே உன் கை அப்படி.

நான்கு வருடம் முன்னால் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நீ அரிசோனாவிலிருந்து வந்தாயே, அதை எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீ மறந்துவிட்டதுபோல நடந்துகொள்கிறாய். லான் மருந்துக்கடை வண்டி ஓட்டி வீடு வீடாக மருந்து கொடுக்கிறவன், அந்த வருடம் இரண்டு முறை வழியில் மறித்துப் பிடுங்கினார்கள். துப்பாக்கி வேண்டாம் என்று நான் சொன்னேன். அவன், "ரெண்டு தடவை என் நெத்தியில வெச்சுட்டாங்கம்மா, மூணாவது தடவைக்கு நான் கைகட்டி நிக்கணுமா" என்றான். வகுப்புக்குப் போனான், தேர்வு எழுதினான், விரல் ரேகை கொடுத்தான், சட்டைக்குள் வைத்துக்கொள்ள அரசாங்கமே உரிமம் கொடுத்தது. பத்து விரல் ரேகையும் எடுத்தார்கள், இப்போது இரண்டை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். உன்னைக் கூப்பிட்டு, உன்னைப்போன்ற போலீஸ்காரர்கள் அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடு என்றது நான். அந்தப் பங்கு என்னுடையது, அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

நீயும் சொல்லிக்கொடுத்தாய். வான்கோழி அடுப்பில் இருந்தது, என் சமையலறையில் இரண்டு நாற்காலியை முன்னிருக்கை போலப் போட்டு, லான் கையில் பெரிய சட்டியின் மூடியை ஸ்டியரிங் என்று கொடுத்தாய். நீ போலீஸ், கையில் என் மரக்கரண்டி. கை இரண்டும் மேலே, விரல் விரிந்து, முதல் வாயில் துப்பாக்கி என்ற வார்த்தையே வரக் கூடாது, லைசென்ஸ் என்பதுதான் முதலில் வர வேண்டும் என்றாய். "ஆஃபீசர், எனக்கு லைசென்ஸ் இருக்கு, இப்ப வலது இடுப்புல கைத்துப்பாக்கி இருக்கு, நான் முதல்ல என்ன செய்யணும்னு சொல்லுங்க." ஒரு சொல் மாறினாலும் கரண்டியால் நெற்றியில் ஒரு தட்டு. "சுட்டாச்சு. செத்துட்ட. மறுபடி சொல்லு." ஒபீலியா சித்தி வாசற்படியில் நின்றுகொண்டு, "டேய், அவன் இதோட ஏழாவது தடவை சாகுறான், பெட்டிக்கு ஆணி அடிச்சுடலாமா" என்று கேட்டாள். லான் பெக்கன் பை பலகாரத்தை எடுக்கக் கையை நீட்டியபோது, "செத்தவனுக்கு எதுக்குடா பலகாரம்" என்று நீ தட்டை இழுத்தாய். நான் சிரித்தேன். நானும் சிரித்தேன் ரோஸ்கோ, அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்.

அவன் அதை வேதவசனம்போலக் கற்றுக்கொண்டான். நான்கு வருடத்தில் பதினான்கு முறை அவனை ஓரங்கட்டினார்கள். ஒரு முறை பின்விளக்கு, ஒரு முறை வண்டி கோட்டைத் தொட்டது, ஒரு முறை காரணமே சொல்லவில்லை. பதினான்கு முறையும் கை மேலே, அதே வரி. சிலர் துப்பாக்கியை வாங்கிக் குண்டை உருவி, போகும்போது பின்டிக்கியில் எறிந்துவிட்டுப் போவார்கள், பொறுக்கி எடுத்துக்கொள்வான். ஒருவர் மட்டும், "யாருப்பா உனக்கு இவ்வளவு அழகாச் சொல்லிக்கொடுத்தது" என்று கேட்டாராம். "எங்க அண்ணன் சார், அவரும் உங்க ஆளுதான்" என்றானாம். அதை என்னிடம் வந்து சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஏதோ பரிசு வாங்கியவன்போல இருந்தான்.

மார்ச் மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் பதினைந்தாவது முறை. ஆஃபீசர் கீட்டிங் என்று ஒரு பிள்ளை, வேலைக்கு வந்து எட்டு மாதம், மீசை இன்னும் சரியாக வரவில்லை. லான் வரியைச் சொன்னான். அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது என்கிறான். "கையை அசைக்காதே" என்று ஒரு கத்தல், அதே மூச்சில் "இறங்குடா கீழே" என்று இன்னொரு கத்தல். நீ சொல்லிக்கொடுத்தபடி லான் கேட்டான், "எதை முதல்ல செய்யணும் சார்?" அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டான் அவன். கதவைத் திறந்து இடது கையைப் பிடித்து இழுத்தான். லான் வரவில்லை. எப்படி வருவான், பெல்ட் போட்டிருக்கிறான். "பெல்ட் சார், பெல்ட்" என்றான். "கழட்டு, கழட்டித் தொலை" என்றான் அவன். பெல்ட்டின் கொக்கி எங்கே இருக்கிறது, நீ வண்டி ஓட்டுகிறவன்தானே, இடப்பக்க இருக்கையில் இருந்து ஓட்டுகிறவனுக்கு வலது இடுப்பு ஓரம். துப்பாக்கி எங்கே இருக்கிறது, வலது இடுப்பு. நடுவில் நான்கு விரற்கடை இருக்காது. கை கீழே போனது, அவன் சுட்டான். இரண்டு விரலைக் கொண்டுபோன குண்டு தொடையில் போய் நின்றது. அடுத்த குண்டு இருக்கையில். மூன்றாவது எங்கே போனது என்று இதுவரை யாருக்கும் தெரியாது, பக்கத்தில் பள்ளிக்கூடம் விடும் நேரம்.

என் சமையலறை நாற்காலியில் பெல்ட் இல்லை. நாற்பது முறை ஒத்திகை பார்த்தாய், ஒரு முறைகூட அவனைக் கட்டி உட்காரவைக்கவில்லை. தெரியாமல் விட்டுவிட்டாய் என்று நினைத்துத்தான் முதல் நாள் மன்னித்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நான் கூப்பிட்டபோது, தம்பியைச் சுட்டுவிட்டார்கள் என்றேன், உயிரோடு இருக்கிறானா என்று நீ கேட்கவில்லை. "பெல்ட் போட்டிருந்தானாம்மா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். நீ அழுதாய், அழுதுகொண்டே சொன்னாய், "எங்க புதுப் பசங்களுக்கு முதல் நாளே நான் அதைத்தாம்மா சொல்றேன். இடுப்புல இருக்குன்னு சொன்னவன்கிட்ட பெல்ட்டக் கழட்டுன்னு சொல்லாதீங்க, அவன் கை எங்க போகும்னு யோசிங்க, இன்னொருத்தன் அந்தப் பக்கம் போய்க் கழட்டட்டும்னு." அப்படியானால் உனக்குத் தெரியும். சுடுகிறவனுக்குப் பாடம் எடுத்திருக்கிறாய், அதுவும் சம்பளத்துக்கு, வெள்ளைப் பலகையில் எழுதி. இருக்கையில் உட்காருகிறவனுக்கு, உன்னோடு ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவனுக்கு, கரண்டியால் இரண்டு தட்டு.

இப்போது அவன்மேல்தான் வழக்கு, அது உனக்குத் தெரியும். ஆயுதத்தை எடுக்கப் போனானாம், அதிகாரியைத் தாக்க முயன்றானாம், இழுத்தபோது வராமல் முரண்டு பிடித்தானாம், பெல்ட் முரண்டு பிடித்ததை அவன் கணக்கில் எழுதிவிட்டார்கள். கீட்டிங்கின் சட்டையில் இருந்த கேமராவில் படம் இருக்கிறது, குரல் இல்லை. பொத்தானை அவன் அமுக்கியதே சுட்ட பிறகு, அதற்கு முந்தைய அரை நிமிடத்தைக் கேமரா தானாகவே பிடித்து வைக்குமாம், ஆனால் குரல் இல்லாத ஊமைப்படமாக. அதில் தெரிவது ஒன்றுதான், ஒரு கறுப்புக் கை இடுப்புக்குப் போகிறது. பிணை விசாரணையில் அரசு வக்கீல் அதை நான்கு முறை போட்டுக் காட்டினார், நான்காவது முறை மெதுவாக ஓட்டினார். மெதுவாக ஓட்டினால் தாலாட்டுகிற கைகூடக் கழுத்தை நெரிக்கப் போவதுபோலத்தான் தெரியும்.

பக்கத்து வீட்டு மிஸ்டர் டவுட்டை உனக்கு நினைவிருக்கும், அறுபது வயது வெள்ளைக்காரர், இடுப்புத் துப்பாக்கி இல்லாமல் கடிதப்பெட்டி வரைகூடப் போகமாட்டார். போன மாதம் அவரை இதே ஊர் போலீஸ் ஓரங்கட்டியதாம். பெல்ட் போடாததற்கு. ஆறுதல் சொல்ல வந்தவர் என்னிடமே இதைச் சொல்கிறார், "நான் துப்பாக்கியப் பத்தி வாயே தொறக்கல வெர்னெட்டா, சட்டைக்கு மேலயே தெரிஞ்சுது, அந்தப் பையன் நல்ல மாடல் சார்னு சொல்லிட்டுப் போயிட்டான். உன் பையன் எதுக்கு வலியப் போய்ச் சொன்னான்?" நல்ல மனுஷர்தான், சூப்புக்கூடக் கொண்டுவந்தார். சூப்பை வடிகாலில் கொட்டினேன். ஆலயத்தில் போதகர் ஒவ்வொரு ஞாயிறும் நம் மகனுக்காக ஜெபிப்போம் என்கிறார், பெயரைச் சொல்வதில்லை, அடுத்த வாரம் போலீஸ்காரர்களுக்கும் விருந்து வைக்கிறார், அவருக்கும் இரண்டு பக்கமும் வேண்டும். உன்னைப்போல.

நீதிமன்றம் கொடுத்த வக்கீல் மிஸ் ப்ராண்ட் சின்னப் பெண், நல்ல பெண், கையில் எண்பது வழக்கு. அவள் என்னிடம் மறைக்காமல் சொன்னாள், வெளியிலிருந்து ஒரு நிபுணரைக் கூட்டிவந்தால் ஜூரி பன்னிரண்டு பேரும், "காசு வாங்கிட்டுப் பேசுறான்" என்பார்கள். ஆனால் போலீஸுக்கே இதைப் பாடமாக எடுக்கிற ஒரு போலீஸ்காரன் கூண்டில் ஏறி, அந்த வரியை இவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான், பெல்ட்டைக் கழற்றச் சொன்னால் கை அங்கேதான் போகும், இதை நான் தினமும் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொன்னால் அவர்களால் ஒதுக்க முடியாது. உன்னிடமும் அவள் இதைச் சொன்னாள். நீ என்னைக் கூப்பிட்டு, "மேலதிகாரி அனுமதி வேணும்மா. சார்ஜென்ட் ப்ரமோஷன் பட்டியல்ல என் பேரு ரெண்டாவதா இருக்கு. இப்பப் போயி ஒரு போலீஸுக்கு எதிரா நான் எப்படி" என்று இழுத்தாய். அதோடு ஏழு வாரம் ஆகிறது, உன் குரலை நான் கேட்கவில்லை. சார்ஜென்ட் சட்டையில் மூன்று கோடு வைத்துத் தைப்பார்களாமே. உனக்கு மூன்று கோடு, அவனுக்கு மூன்று விரல். போட்டுக்கொள், உனக்கு எடுப்பாகத்தான் இருக்கும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மூன்று வருடம், வழக்கு நடத்தித் தோற்றால் ஒன்பது வருடம் என்று அரசு வக்கீல் பேரம் சொல்லியிருக்கிறார். பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ வந்தால் வழக்கு நடத்தலாம், நீ வராவிட்டால் கையெழுத்துப் போடச் சொல்வேன் என்கிறாள் மிஸ் ப்ராண்ட், தன்னால் பொய் சொல்ல முடியாது என்கிறாள். லான் உன்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. "அண்ணன விடும்மா, அவனுக்கும் பிள்ளைங்க இருக்கு" என்கிறான். இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகுகிறான். கையெழுத்துப் போடத்தான் பழகுகிறான் என்று எனக்குத் தெரியும்.

அங்கே வெயில் நூற்றுப் பத்தைத் தொடுகிறது என்று செய்தியில் சொன்னார்கள், அந்தக் கனத்த குண்டு தடுக்கும் சட்டைக்குள் நின்று வேகாதே, தண்ணீர் குடி. கமீலாவின் இரத்த அழுத்தத்தைக் கவனி. பெரியவன் ஜூலியனுக்கு வரும் ஆண்டு பதினாறு, வண்டிச் சாவியைக் கேட்பான், அவனையும் ஓரங்கட்டுவார்கள், போலீஸ்காரன் மகன் என்று அவன் நெற்றியில் எழுதியிருக்காது. பெல்ட் போட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடு. அவன் சித்தப்பா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வாய் என்பதையும் இப்போதே யோசித்து வை.

ஆண்டவர் உன் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் கமீலாவுக்கு நல்ல உறக்கமும் தரட்டும். உனக்கும் உறக்கம் வேண்டும் என்று கேட்க என் நாக்கு எழவில்லை, உயிரோடு இரு, அது போதும். மிஸ் ப்ராண்டின் எண்ணை இந்தத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
வெர்னெட்டா ப்ளெட்சோ

வரமாட்டாய் என்றால் அதை என்னிடம் சொல்லாதே, மிஸ் ப்ராண்டிடமும் சொல்லாதே. அவனைக் கூப்பிட்டு, நான் வரவில்லை, நீ கையெழுத்துப் போட்டுவிடு என்று உன் வாயால் சொல். நான் தொலைபேசியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டேன். இன்று திங்கள். எப்போது கூப்பிடுகிறாய்?